பதினெட்டு வருட அனுபவசாலிக்கு ஆட்டோமேஷன் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தின் டேட்டாபேஸ் பிரிவுக்கு நான் பொறுப்பு. என்னோடு ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். நால்வருக்குப் பத்து முதல் பதினெட்டு வருட அனுபவம். ஐந்தாவது ஆள், இரண்டு வருடத்துக்கு முன் கம்பஸ் முடித்து வந்த ஒரு தம்பி. ஒராக்கிள், எஸ்கியூஎல் சேர்வர், அண்மையில் சேர்ந்த போஸ்ட்கிரெஸ் என்று நாற்பது சேர்வர் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஆட்டோமேட் செய்யுங்கள் என்று நிர்வாகம் நெருக்குகிறது. போன வருடம் மூத்தவர்கள் நால்வரையும் பல சேர்வர்களின் வேலையை ஒரே இடத்திலிருந்து தானாகச் செய்யும் அன்சிபிள் என்ற கருவிக்கான மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பினோம். திரும்பி வந்து ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. மூத்த அண்ணாவிடம் கேட்டால், "நான் கையால செய்தா என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியும்" என்கிறார். "எல்லாத்தையும் எழுதிக் குடுத்திட்டா பிறகு நான் என்னத்துக்கு?" என்றும் ஒருநாள் கேட்டுவிட்டார். தம்பி கடகடவென்று எழுதுகிறான், ஆனால் அவன் எழுதியதை, உண்மையான வேலை நடக்கும் சேர்வர்களான ப்ரொடக்‌ஷனில் ஓட்ட எனக்குப் பயம். இன்னொரு நீண்ட வகுப்புக்கு இந்த வருடம் காசு ஒதுக்கியிருக்கிறோம். அவர்களை அனுப்புவதா, அல்லது ஆட்டோமேஷன் தெரிந்த புதியவர்களை எடுப்பதா?

ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வகுப்புக்கு அனுப்ப வேண்டாம். புதியவர்களையும் எடுக்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஐந்து பேரே போதும். அதிலும் அந்த மூத்த அண்ணாதான் இந்த வேலைக்கு மிக முக்கியமான ஆள். அவர் சொன்னதை நீங்கள் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டீர்கள் போலத் தெரிகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாமல் ப்ரொடக்‌ஷனில் கை வைக்க மாட்டேன் என்கிறார். ஆட்டோமேஷன் எழுத உட்காரும் எவருக்கும் முதலில் இருக்க வேண்டியது அந்தக் கவனம்தான். அது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஸ்கிரிப்ட்டுக்குள் கொண்டுவருவதுதான் நீங்கள் கொடுக்க வேண்டிய பயிற்சி.

மூன்று நாள் வகுப்பு ஏன் பலிக்கவில்லை என்பதில் எனக்கு அதிகம் ஆச்சரியமில்லை. இத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் ஒரு வெறும் லினக்ஸ் இயந்திரத்தில் தொடங்கும். அதில் ஒரு வெப் சேர்வரை நிறுவி, ஒரு பக்கத்தை ஏற்றிக் காட்டி முடிப்பார்கள். உங்கள் ஆட்களிடம் வெறும் இயந்திரத்தை யார் கொண்டுவந்து கொடுக்கப் போகிறார்கள்? அவர்களிடம் இருப்பவை நாற்பது பழைய சேர்வர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம். ஒன்றில் ஆர்க்கைவ் லொக், அதாவது மாற்றங்களின் பதிவு, போகும் டிஸ்க் சின்னது. இன்னொன்றுக்கு மென்பொருள் கொடுத்த கொம்பனி சொல்லாமல் பேட்ச் போடக் கூடாது. இந்த நாற்பதையும் வகுப்பில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். வகுப்பு முடிந்த மறுநாளே போன் அடிக்கத் தொடங்கியிருக்கும். படித்தது கையில் ஒட்ட வேண்டிய முதல் மாதத்தில் அவர்களுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

சரி, என்ன செய்வது?

அடுத்த போயா (பௌர்ணமி விடுமுறை) இரவில் பேட்ச் வேலை இருந்தால், அண்ணாவின் பக்கத்தில் தம்பியை உட்கார வையுங்கள். தம்பி எதையும் செய்யக் கூடாது. அண்ணா செய்வதையும், அதைவிட முக்கியமாக, செய்யாமல் நின்று பார்ப்பதையும் எழுத வேண்டும். உங்கள் வேலைக்குறிப்பில், "பேக்அப் எடு, சேவையை நிறுத்து, பேட்ச் போடு, ஏற்று, சோதி" என்று ஐந்தாறு வரி இருக்கும். அண்ணா செய்வது அதைப்போல் பல மடங்கு. நாள் முடிவுக் கணக்கு உண்மையிலேயே முடிந்துவிட்டதா, அல்லது முடிந்ததாகத் திரை மட்டும் காட்டுகிறதா என்று பார்ப்பார். யாராவது ஒருவர் ஒரு நீண்ட ரிப்போர்ட்டை ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாரா என்று பார்ப்பார். பிரதான சேர்வரின் பிரதியாகத் தயாராக நிற்கும் ஸ்டாண்ட்பை சேர்வர் எவ்வளவு பின்தங்கி நிற்கிறது என்று பார்ப்பார். டிஸ்கில் இடம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, "பொறு, அந்தப் பழைய லொக் போய் முடியட்டும்" என்று பத்து நிமிடம் காத்திருப்பார். இதில் எதுவும் குறிப்பில் இருக்காது. கேட்டால், "இதெல்லாம் எழுத வேணுமா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பார்.

எல்லாருக்கும் தெரியாது. அந்தத் தம்பிக்குத் தெரியாது. அவன் எழுதிய ஸ்கிரிப்ட்டை ஓட்ட நீங்கள் பயப்படுவதற்குக் காரணமும் அதுதான். அண்ணா "பொறு" என்று சொன்ன ஒவ்வொரு இடமும் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் ஒரு நிபந்தனையாக வர வேண்டும். ஸ்டாண்ட்பை இத்தனை நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால் நிறுத்து. இலவச இடம் இவ்வளவுக்குக் குறைவென்றால் நிறுத்து. நாள் முடிவு அட்டவணையில் இன்றைய திகதிக்கு முடிந்த குறி இல்லையென்றால் நிறுத்து. நிறுத்தும்போது ஏன் நிறுத்தினாய் என்று எழுது. முதல் சில வாரம் இந்தச் சோதனைகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒரு சேர்வரிலும் எதையும் மாற்றாத, பார்த்துச் சொல்வது மட்டுமே செய்யும் ஸ்கிரிப்ட். அண்ணா அதை ஓட்டுவார், கையாலும் பார்ப்பார், இரண்டும் ஒத்து வருகிறதா என்று சரிபார்ப்பார். ஒத்து வராத இடத்தில்தான் இருவரும் படிப்பார்கள். என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்கிற அவருடைய கோரிக்கையும் அங்கே நிறைவேறுகிறது.

அடுத்தது ரீஸ்டோர். ஆட்டோமேஷன் பயிற்சியை ரீஸ்டோரில் தொடங்க வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் வற்புறுத்துகிறேன். பேக்அப் எல்லோரும் எடுக்கிறார்கள். திரும்ப ஏற்றிப் பார்ப்பவர்கள் குறைவு.

நம் ஊரில் நடந்ததையே பாருங்கள். 2023 ஆகஸ்ட்டில் லங்கா கவர்ன்மென்ட் க்ளவுட் என்ற அரச சேவை தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. அதில் இருந்த ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளுக்கு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குரிய பேக்அப் கையில் இல்லை. சேவையை மீண்டும் எழுப்ப முடிந்தது, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தரவை எழுப்ப முடியவில்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் உங்கள் ஆட்களுக்கு நல்ல பாடமாகும், ஏனென்றால் அது போஸ்ட்கிரெஸில் நடந்தது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரவு வேலைக்கு நடுவில், ஸ்டாண்ட்பை என்று நினைத்துப் பிரதான சேர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. சரி, பேக்அப்பை எடுப்போம் என்று போனால், அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. சேர்வர் 9.6 பதிப்பு, பேக்அப் எடுக்கும் பிஜி டம்ப் நிரலோ 9.2 பதிப்பு. அதனால் பேக்அப் வேலை ஒவ்வொரு முறையும் தோல்வியில் முடிந்துகொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போயின, ஆனால் அவை பெறும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டன. ஒருவர் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு தேவைக்காக எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷொட்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த நிறுவனம் இதையெல்லாம் ஒளிக்காமல் முழுவதுமாக எழுதி வெளியிட்டது. அதை நால்வரையும் வாசிக்கச் சொல்லுங்கள். அனுபவசாலிகளுக்கு அது எந்த வகுப்பை விடவும் உறைக்கும், ஏனென்றால் அந்த இரவில் தாங்களும் அப்படிச் செய்திருக்கலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் டீமுக்கான பயிற்சி இதுதான்: வாரம் ஒருமுறை, ஏதாவது ஒரு டேட்டாபேஸின் கடைசி பேக்அப்பை எடுத்து, தனியான ஒரு சேர்வரில் ஏற்றி, சோதித்து, எவ்வளவு நேரம் எடுத்தது என்று பதிந்து, பிறகு அழித்துவிடும் ஒரு ஸ்கிரிப்ட். கையே படக் கூடாது. இது ப்ரொடக்‌ஷனைத் தொடாது, பேக்அப் ஃபைலை மட்டும் வாசிக்கும். அதனால் எவ்வளவு பிழை விட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஆட்டோமேஷனில் படிக்க வேண்டிய அத்தனையும் அதற்குள் வந்துவிடும்: பாஸ்வேர்டை எங்கே வைப்பது, சேர்வருக்குச் சேர்வர் மாறும் விவரங்களை எப்படிப் பிரித்து வைப்பது, பாதியில் நின்றால் என்ன செய்வது, யாருக்குச் சொல்வது.

சோதிப்பது என்றால் என்ன என்பதில் உங்கள் மூத்தவர்களின் அறிவு வெளிப்படும். ஒராக்கிளில் ஆர்மேன் என்ற பேக்அப் கருவியின் ரீஸ்டோர் வேலிடேட் பேக்அப்பை வாசித்துப் பார்க்கும், டேட்டாபேஸைத் திறந்து காட்டாது. எஸ்கியூஎல் சேர்வரின் வெரிஃபை ஒன்லி, ஃபைல் முழுமையாக வாசிக்கத்தக்கதாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் தரவின் கட்டமைப்பு சரியா என்று பார்க்க, ஏற்றிய பிரதியில் செக்டிபி ஓட்ட வேண்டும். போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து வெரிஃபை பேக்அப் என்று ஒரு கருவி வருகிறது. அது நல்லதுதான், ஆனாலும் சேர்வரை எழுப்பிக் கேள்வி கேட்டால்தான் முழு நம்பிக்கை வரும். கடைசிப் பரிவர்த்தனையின் நேரம் என்ன? அது பேக்அப் எடுத்த நேரத்தோடு பொருந்துகிறதா? நேற்றைய எண்ணிக்கைக்கும் இன்றையதற்கும் உள்ள வித்தியாசம் வழக்கம்போல இருக்கிறதா? அப்புறம், தமிழிலும் சிங்களத்திலும் பெயர் உள்ள இரண்டு வாடிக்கையாளர் பதிவுகளைக் கட்டாயம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனை வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் இருக்காது, நமக்குத்தான் வேண்டும். இடையில் ஒரு ஸ்கிரிப்ட் தவறான எழுத்துக் குறியீட்டில் ஃபைலைத் திறந்தாலோ, எஸ்கியூஎல் சேர்வரில் எழுத்துச் சரத்துக்கு முன் போட வேண்டிய 'N' விடுபட்டாலோ, பெயர் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். எண்ணிக்கை அப்படியே சரியாக இருக்கும், பெயர் போயிருக்கும்.

ஏற்றிய பிரதியில் இருப்பது உண்மையான வாடிக்கையாளர்களின் தகவல் என்பதையும் மறக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது நம் பொறுப்பு. சோதனை சேர்வர்தானே என்று பழைய பாஸ்வேர்டோடு எல்லோருக்கும் திறந்துவிடக் கூடாது. ப்ரொடக்‌ஷனுக்கு உள்ள அதே பூட்டு அதற்கும் வேண்டும்.

தோல்விச் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்லாபில் நடந்தது எங்கும் நடக்கலாம். தோற்றால் மெயில் அனுப்பு என்று வைத்தால், மெயிலே தோற்கும் நாளில் எல்லாம் நலம் என்றுதான் தெரியும். ஆகவே மறுபுறமாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் வெற்றிச் செய்தி ஓரிடத்தில் பதியட்டும். குறித்த நேரத்துக்குள் அது பதியவில்லையென்றால் வேறொரு சேர்வர் மணி அடிக்கட்டும்.

இனி அனுபவசாலிகளிடம் பார்க்க வேண்டிய ஒரு பழக்கம். அவர்கள் எல்லோரிடமும் சொந்த ஷெல் ஸ்கிரிப்ட்டுகள் இருக்கும், பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியோடு அவற்றை வாசியுங்கள்: உள்ளே ஒரு கட்டளை தோற்றால், ஸ்கிரிப்ட் தோற்றேன் என்று சொல்கிறதா?

பெரும்பாலும் சொல்லாது. ஒராக்கிளின் எஸ்கியூஎல் ப்ளஸ், உள்ளே பிழை வந்தாலும், 'வென்எவர் எஸ்கியூஎல்எரர் எக்ஸிட் ஃபெயிலியர்' என்று கேட்காவிட்டால், வெற்றி என்ற குறியோடுதான் வெளியே வரும். போஸ்ட்கிரெஸின் பிஎஸ்கியூஎல்லும் அப்படியே. 'ஆன் எரர் ஸ்டொப்' போடாவிட்டால், மூன்றாம் வரியில் பிழை வந்தாலும் நூறாம் வரி வரை ஓடி முடித்து, வெற்றியைக் குறிக்கும் பூச்சியத்தைத் திருப்பித் தரும். எஸ்கியூஎல் சேர்வரின் எஸ்கியூஎல்சிஎம்டிக்கு '-b' என்ற சுவிட்ச் போட வேண்டும். இதைவிட மோசம் பேக்அப் வரியில் இருக்கும். பிஜி டம்ப்பின் வெளியீட்டை நேரே ஜிசிப்புக்கு அனுப்பிச் சுருக்குவது எல்லோருக்கும் பழக்கம். டம்ப் பாதியில் அறுந்தால், ஜிசிப் தனக்கு வந்த பாதியை ஒழுங்காகச் சுருக்கி முடித்துவிட்டு வெற்றி என்று சொல்லும். ஷெல் கேட்பது கடைசியில் நின்றவரின் பதிலை மட்டும்தான். பாஷில் 'பைப்ஃபெயில்' என்ற ஒரு சொல்லைப் போட்டால் இது சரியாகும். இந்த ஒரு அமர்வை நடத்திப் பாருங்கள். வகுப்பிலிருந்து வந்து ஒரு வரியும் எழுதாத ஆட்கள், தங்கள் சொந்த பேக்அப் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்க்க அவசரப்பட்டு எழுந்து போவார்கள். அவர்கள் படிக்கத் தயாராகும் கணம் அதுதான்.

அதற்குப் பிறகுதான் அன்சிபிள். அதில் முதலில் புரிய வேண்டியது, ஒரே வேலையை இரண்டு தரம் ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது. ஷெல் பழக்கத்தில் நாம் "இந்த வரியைச் சேர்" என்று எழுதுவோம். அன்சிபிளில் "இந்த ஃபைல் இப்படி இருக்க வேண்டும்" என்று எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸின் பிஜி எச்பிஏ ஃபைலை உதாரணமாக எடுங்கள். யார் எங்கிருந்து நுழையலாம் என்று அதில் வரி வரியாக இருக்கும். சேர்வர் மேலிருந்து கீழாக வாசித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். புதிய அப்ளிகேஷனுக்கு அனுமதி கொடுக்க ஸ்கிரிப்ட் ஃபைலின் அடியில் ஒரு வரியைச் சேர்க்கிறது. மேலே அதே முகவரித் தொகுதியை மறுக்கும் வரி ஒன்று ஏற்கெனவே இருந்தால், அடியில் சேர்த்தது ஒருபோதும் வாசிக்கப்படாது. வேலை செய்யவில்லையே என்று மறுபடி ஓட்டுவார்கள், இன்னொரு வரி சேரும். ஃபைல் முழுவதையும் ஒரு வார்ப்பாக வைத்து, அதிலிருந்து எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. மாற்றத்தை எழுதுமுன் என்ன மாறப் போகிறது என்று காட்டச் சொல்லும் வசதியும் அன்சிபிளில் உண்டு. அதை அண்ணாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள். அவர் கேட்டது அதைத்தான்.

தம்பி எழுதுவதில் எங்கே ஆபத்து வரும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸில் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற அளவு, இயல்பாக 100. அதை 300 ஆக்கச் சொன்னால் தம்பி அழகாக ஒரு ப்ளேபுக், அதாவது அன்சிபிளுக்கான வேலைப் பட்டியல், எழுதுவான். ஃபைல் மாறினால் சேர்வரை ரீஸ்டார்ட் செய் என்றும் அதிலேயே சேர்த்திருப்பான், வகுப்புகளில் அப்படித்தான் காட்டுவார்கள். இங்கே இரண்டு குழி இருக்கின்றன. பகல் பதினொரு மணிக்கு ஓட்டினால் பகல் பதினொரு மணிக்கே ரீஸ்டார்ட் ஆகும். இன்னொன்று, இந்த அளவு ஸ்டாண்ட்பையில் பிரதான சேர்வரில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. கூட்டும்போது ஸ்டாண்ட்பையை முதலில் கூட்ட வேண்டும், குறைக்கும்போது பிரதான சேர்வரை முதலில் குறைக்க வேண்டும். முறை மாறினால் ஸ்டாண்ட்பை வரும் மாற்றங்களைத் தன்னில் பதிவதை நிறுத்திவிடும், பழைய பதிப்புகளில் படுத்தேவிடும். அன்சிபிள் நன்றாகத் தெரிந்த ஒரு புதியவரை நீங்கள் எடுத்தாலும் இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? உங்கள் அண்ணாதான். அதனால்தான் புதிய ஆள் வேண்டாம் என்கிறேன். ஃபைலை மாற்றுவது ஒரு ப்ளேபுக்காகவும், ரீஸ்டார்ட் செய்வது தனி ப்ளேபுக்காகவும் இருக்கட்டும். இரண்டாவதை ஓட்டும் நேரத்தை ஒரு மனிதர் தீர்மானிக்கட்டும்.

ஃபெயிலோவரை, அதாவது பிரதான சேர்வர் விழுந்தால் ஸ்டாண்ட்பை தானாகப் பொறுப்பேற்பதை, முதல் வருடத்தில் முழுத் தானியங்கியாக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 2018 அக்டோபர் 21 அன்று கிட்லாபைப் போன்ற இன்னொரு நிறுவனமான கிட்ஹப்பில் வலையமைப்பு 43 விநாடி அறுந்தது. தானியங்கி ஏற்பாடு அமெரிக்காவின் மறுகரையில் இருந்த மைஎஸ்கியூஎல் சேர்வர்களைப் பிரதானமாக்கியது. அதற்குள் இரண்டு கரையிலும் மற்றதில் இல்லாத தரவு எழுதப்பட்டிருந்தது. அதைச் சீராக்க 24 மணி 11 நிமிடம் சேவை தடுமாறியது. இத்தனைக்கும் அவர்களிடம் இருந்தவர்கள் கெட்டிக்காரர்கள். நீங்கள் செய்யக்கூடியது, சோதனைகள் எல்லாவற்றையும் ஓட்டி நிலைமையைச் சொல்லிவிட்டு, "மாற்றவா?" என்று கேட்டு நிற்கும் ஒரு ஸ்கிரிப்ட். ஆம் என்று சொல்வது உங்கள் ஆள். அதைச் சில மாதத்துக்கு ஒருமுறை போயா நாளில் உண்மையாகவே மாற்றிப் பழகுங்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு பயிற்சி இயல்பாகவே கைவசம் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து சேர்வர்களை ஒழுங்காக இறக்கியவர்கள் உங்கள் மூத்தவர்கள். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க மின்சாரம் போனபோதும் யாராவது ஒருவர் ஓடி வந்திருப்பார். எதை முதலில் இறக்குவது, மின்சாரம் வந்ததும் எதை முதலில் ஏற்றுவது, எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்ற வரிசை அவர்களுக்கு மனப்பாடம். அந்த வரிசையை ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் ப்ளேபுக்காக எழுதட்டும். முதல் வரைவில் நிச்சயம் ஏதாவது விடுபடும், மற்ற மூவரும் அதைக் கண்டுபிடிப்பார்கள். அந்த வாக்குவாதத்தைத் தடுக்காதீர்கள்.

எஸ்கியூஎல் சேர்வர் மட்டும் பார்ப்பவர்களை அன்சிபிளுக்குள் இழுக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு பவர்ஷெல்லும் டிபிஏ டூல்ஸ் என்ற இலவசத் தொகுதியும் போதும். ஆனால் ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி எல்லோருக்கும் வேண்டும். முதல் நாளிலிருந்தே வேண்டும். யார் எப்போது எந்த வரியை ஏன் மாற்றினார் என்று தெரியாத ஸ்கிரிப்ட் ப்ரொடக்‌ஷனுக்குப் போகக் கூடாது. பாஸ்வேர்ட் அதற்குள் போகவே கூடாது. பயிற்சிக்குப் புதிதாக லைசன்ஸ் வாங்கி டொலர் செலவழிக்கவும் தேவையில்லை. போஸ்ட்கிரெஸ் இலவசம். எஸ்கியூஎல் சேர்வரின் டெவலப்பர் பதிப்பை ப்ரொடக்‌ஷன் அல்லாத வேலைக்கு இலவசமாகப் பயன்படுத்தலாம். ஒராக்கிளின் இலவசப் பதிப்பில் தரவு 12 ஜிபி, நினைவகம் 2 ஜிபி என்ற எல்லை உண்டு, பழகுவதற்கு அது போதும். ஆனால் ரீஸ்டோர் பயிற்சியில் ஏறுவது உண்மையான ப்ரொடக்‌ஷன் தரவு. அதற்கு இந்த இலவசப் பதிப்புகள் பொருந்துமா என்று லைசன்ஸ் விதிகளைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி, "பிறகு நான் என்னத்துக்கு?" என்ற கேள்வி. இதை வேடிக்கையாக எடுத்துவிடாதீர்கள், சமாதானம் சொல்லியும் கடத்திவிடாதீர்கள். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று எல்லாம் இருக்கும் வயதில் ஒருவர் கேட்கும் கேள்வி அது. இதற்கு நீங்கள் வாயால் சொல்லும் பதில் போதாது. மிச்சமாகும் நேரத்தில் அவர் என்ன செய்வார் என்று நிர்வாகத்திடம் பேசி எழுத்தில் வாங்குங்கள். வேலைக்கா பஞ்சம்? எஸ்கியூஎல் சேர்வர் 2016 பதிப்பு உங்களிடம் இருந்தால், அதற்கான ஆதரவு முடியும் திகதி 2026 ஜூலை 14. அதை யார் மாற்றுவது? மெதுவாக ஓடும் ரிப்போர்ட்டுகளை யார் பார்ப்பது? 2022க்குப் பிறகு வெளிநாடு போன சக ஊழியர்களின் வேலையும் சேர்ந்து இவர்கள் தலையில்தானே இருக்கிறது? இன்னொன்றும் செய்யுங்கள். அவர் பார்த்து ஒப்புதல் தராமல் எந்த ப்ளேபுக்கும் ப்ரொடக்‌ஷனில் ஓடக் கூடாது என்று விதி வையுங்கள். கிட்டில் அவர் பெயர் இருக்கட்டும். தன் அறிவைப் பறித்துக்கொள்கிறார்கள் என்று நினைப்பவருக்கும், தன் அறிவுக்கு மற்றவர்கள் கட்டுப்படுகிறார்கள் என்று காண்பவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நிர்வாகம் உண்மையில் ஆட்குறைப்புக்காகத்தான் இதைக் கேட்கிறது என்றால், அதை மறைத்து இந்தப் பயிற்சியை நடத்தாதீர்கள். நால்வரும் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு யாரும் எதையும் எழுத மாட்டார்கள்.

நேரம் கொடுக்காமல் இது எதுவும் நடக்காது. வாரத்தில் அரை நாள், ஒரே நாள், ஒரே நேரம். அந்த அரை நாளில் போன் அவர்களிடம் இருக்கக் கூடாது. முறை வைத்து ஒருவர் வெளியே நின்று அழைப்புகளைப் பார்க்கட்டும், மற்ற நால்வரும் உள்ளே. அவசரம் என்று நிர்வாகத்திலிருந்து யார் வந்தாலும் வாசலில் நிறுத்த வேண்டியது நீங்கள். இந்தப் பயிற்சியில் உங்களுடைய பங்கு அதுதான், அது சின்னப் பங்கில்லை.

முன்னேற்றத்தை ப்ளேபுக்குகளின் எண்ணிக்கையில் அளக்காதீர்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும். அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கோ மகளின் பள்ளிக்கூட நிகழ்வுக்கோ லீவு போட்டிருக்கும் ஒரு போயா இரவில், அவருடைய பேட்ச் வேலையை இன்னொருவர் அவருக்குப் போன் எடுக்காமல் முடிக்கிறாரா என்று பாருங்கள். அவருக்கும் அந்த லீவு பல வருடமாகக் கிடைத்திருக்காது.

வகுப்புக்கு ஒதுக்கிய காசை ரத்துச் செய்யாதீர்கள், வருடக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். அதற்குள் உங்கள் ஆட்களிடம், "எங்கள் ரீஸ்டோர் ஸ்கிரிப்ட் இந்த இடத்தில் மாட்டுகிறது, இதை எப்படிச் செய்வது?" என்ற வகைக் கேள்விகள் ஒரு பட்டியலாகச் சேர்ந்திருக்கும். அந்தப் பட்டியலைப் பயிற்சி தருபவரிடம் முன்கூட்டியே அனுப்புங்கள். இதையொட்டி வகுப்பை அமைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறொருவரைத் தேடுங்கள். தொடங்குவதற்கு உங்கள் நாற்பதில் ஆகச் சின்ன டேட்டாபேஸை எடுங்கள், இந்த வாரமே அதன் பேக்அப்பை அண்ணாவும் தம்பியும் சேர்ந்து கையால் ஒருமுறை ஏற்றிப் பார்க்கட்டும். எங்கெங்கே நின்றார்கள் என்று எழுதி எனக்கு அனுப்பினால், முதல் ஸ்கிரிப்ட்டை எப்படிப் பிரிப்பது என்று அடுத்த முறை எழுதுகிறேன்.